டிசம்பர் பரிசு மாற்று ஆட்டங்கள்: முதன்முறை போகிறவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும்

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவிலும் கனடாவிலும் அலுவலகத் தோழர்களிடமிருந்தும், பிள்ளைகளின் பள்ளித் தோழர்களுடைய பெற்றோரிடமிருந்தும், பக்கத்து வீட்டாரிடமிருந்தும் விருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். அவற்றுள் பலவற்றின் அடியில், இருபது டாலருக்கு மிகாத பரிசு ஒன்றைத் தாளில் பொதிந்து எடுத்து வரும்படி ஒரு வரி இருக்கும். அந்தப் பரிசு யாருக்கு என்பது மட்டும் எங்கும் எழுதியிராது. ஊருக்குப் புதிதாக வந்தவர் அதைப் படித்துவிட்டு, விருந்து கொடுப்பவருக்குத்தான் பரிசு போலும் என்று எண்ணி, அவர் பெயரை எழுதிய அட்டையோடு நல்ல வெள்ளிச் சிமிழ் ஒன்றை எடுத்துப் போவதும், அது கண்ணெதிரே மூன்று பேர் கைமாறி, கடைசியில் முன்பின் அறியாத ஒருவரோடு காரேறிப் போவதைப் பார்த்து மனம் நோவதும் நடக்கக்கூடியவைதாம்.

நம் பக்கத்தில் பரிசு என்றால் கொடுத்தவர் பெயர் அதோடு ஒட்டியே இருக்கும். மொய் நோட்டில் பெயர் ஏறும். எவர்சில்வர் குடமாக இருந்தால் பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கி வருவோம். பரிசு மாற்று ஆட்டத்தில் அந்தப் பெயர் மறைந்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை. கொண்டு வந்தவர் யாரென்று தெரியாததால்தான் வீட்டில் சும்மா கிடக்கும் பொருளைக் கூச்சமின்றிக் கொண்டு வரவும், அடுத்தவர் மடியில் இருப்பதைக் கேட்டு எடுத்துக்கொள்ளவும், பிடிக்காதது வாய்த்தால் வாய்விட்டுச் சிரிக்கவும் முடிகிறது. கீழே சொல்லப்போகிற விதிகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை.

எந்த ஆட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள்?

முதல் வேலை, அழைப்பை ஊன்றிப் படித்து, அது எந்த வகை என்று தெரிந்துகொள்வது. இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்றில், யார் யாருக்குப் பரிசு தர வேண்டும் என்பதை முன்னதாகவே சீட்டெடுத்து முடிவு செய்துவிடுவார்கள். சீக்ரெட் சாண்டா எனப்படுவது இதுதான். அயர்லாந்தில் கிரிஸ் கிண்டல் என்றும், ஆஸ்திரேலியாவில் கிரிஸ் கிரிங்கிள் என்றும் இதைச் சொல்கிறார்கள். மற்றொன்றில், பரிசுகள் எல்லாம் ஒரே குவியலாக நடுவில் கிடக்கும். வந்தவர்கள் எண் வரிசைப்படி எடுத்துப் பிரித்து, பிடித்ததை ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்துக்கொள்வார்கள். இதற்கு ஒயிட் எலிஃபண்ட் என்பது பரவலான பெயர். பாஸ்டன் முதலிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் யாங்கி ஸ்வாப் என்றும், தெற்கு மாநிலங்களில் டர்ட்டி சாண்டா என்றும் அதையே அழைப்பார்கள். இந்தக் கட்டுரையில் அதைப் பறிப்பு ஆட்டம் என்றே குறிப்பிடுகிறேன்.

பறிப்பு ஆட்டத்துக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சில வீடுகளில் கடையில் வாங்கிய, எல்லோருக்கும் பயன்படுகிற நல்ல பொருளை எதிர்பார்ப்பார்கள். வேறு சிலவற்றில் வீட்டில் கிடக்கும் வேண்டாத பொருளையோ, பார்த்தவுடன் சிரிப்பு வரும் விநோதப் பொருளையோ கொண்டு வருவதுதான் வழக்கம். முதல் வகைக்கு உடைந்த கடிகாரத்தோடு போனால் நம்மைக் கஞ்சன் என்பார்கள். இரண்டாம் வகைக்கு இருபத்தைந்து டாலர் காபிக் கோப்பைத் தொகுப்போடு போனால் ஆட்டத்தின் வேடிக்கை அந்த ஒரு பொருளைச் சுற்றிய போட்டியாகச் சுருங்கிவிடும். அழைப்பில் டாலர் வரம்பு சொல்லியிருந்தால் முதல் வகை என்றும், வீட்டிலிருப்பதையே கொண்டு வரும்படி சொல்லியிருந்தால் இரண்டாம் வகை என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். ஐயம் இருந்தால் அழைத்தவரிடமே போன வருடம் மக்கள் எதைக் கொண்டு வந்தார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கேள்வியை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்லிவிட்டாலே போதும், எந்த வகை என்பது விளங்கிவிடும்.

எதை எடுத்துப் போவது?

நல்ல பொருள் வகைக்கு விதி எளிது. ஆண், பெண், சிறியவர், பெரியவர், சைவர், அசைவர் எவர் கைக்குப் போனாலும் வீணாகாத பொருளாக இருக்க வேண்டும். வெந்நீர் பிளாஸ்க், சிறிய கம்பளிப் போர்வை, திருப்புளித் தொகுப்பு, பல பேர் கூடி ஆடும் பலகை விளையாட்டு, தரமான சாக்லேட் பெட்டி ஆகியவை எப்போதும் விலை போகும். அளவு பார்த்து அணிய வேண்டிய சட்டை, செருப்பு, மோதிரம் வேண்டாம். மது பாட்டில்கள் இத்தகைய விருந்துகளில் மேசைக்கு வருவது சகஜம். அலுவலகத்திலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் நடத்துகிறவரைக் கேட்காமல் கொண்டு போகக் கூடாது. தின்பண்டமானால் கொட்டை வகை ஒவ்வாதவர்கள் இருக்கக்கூடும் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்த பெட்டியே மேல். வீட்டில் செய்த முறுக்கை விருந்து மேசையில் வைத்துவிடலாம்; பரிசுக் குவியலில் அது வேண்டாம்.

வரம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது டாலர் என்றால் பதினைந்திலிருந்து இருபதுக்குள் இருக்கட்டும் என்று பொருள். நம்மவர்கள் கை தாராளமாக நாற்பது டாலர்ப் பொருளை வாங்கிவிடுகிறார்கள். அது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், அந்த ஒரு பொருளைச் சுற்றியே ஆட்டம் சுழன்று, மற்றப் பரிசுகளைக் கொண்டு வந்தவர்கள் தங்கள் பொருளை யாரும் சீண்டவில்லையே என்று மனம் குன்ற நேரிடுகிறது. வரம்பு வைப்பதே அதைத் தவிர்க்கத்தான்.

வேண்டாத பொருள் வகைக்கு வீட்டு அலமாரியே கடை. திருமணத்துக்கு வந்த நான்காவது சுவர்க் கடிகாரம், ஒரு முறைகூடப் பொரிக்காத பாப்கார்ன் இயந்திரம், வாடிக்கையாளர் கூட்டத்தில் யாரோ கொடுத்த மேசை விளக்கு, குலுக்கினால் பனி விழும் கண்ணாடி உருண்டை எல்லாம் இதற்கு ஏற்றவை. ஆனாலும் வேண்டாதது வேறு, குப்பை வேறு. ஓடாத பொருளையும், பாதி தீர்ந்த வாசனைத் திரவியத்தையும், தேதி கடந்த தின்பண்டத்தையும் கொண்டு போகக் கூடாது. இன்னொருவரின் உடல், சமயம், நாடு, மொழி இவற்றைக் கேலி செய்யும் பொருளும் கூடாது; விநோதம் பொருளில்தான் இருக்க வேண்டும். சாமி படங்களையும் விக்கிரகங்களையும் இந்த மேசையில் வைப்பதை நான் ஒப்புவதில்லை. அதைப் பிரிப்பவர் அதன் மதிப்பு தெரியாமல் சிரிக்கலாம். தெரிந்த நாம் அப்போது அவர்மேல் கோபப்படவும் முடியாது.

பொதியும் முன் பெட்டியைத் திறந்து உள்ளே துருவிப் பார்த்துவிட வேண்டும். அந்தப் பொருளை நமக்குக் கொடுத்தவர் வைத்த வாழ்த்து அட்டை அட்டைப்பெட்டியின் மடிப்புக்குள் ஒளிந்திருப்பதும், புத்தகத்தின் முதல் பக்கத்தில் நம் பெயரும் தேதியும் இருப்பதும் அடிக்கடி நடப்பது. பிறகு உருவம் தெரியாதபடி பொதிய வேண்டும். போர்வையைக் காலணிப் பெட்டிக்குள் அடைத்தும், சிறிய கைவிளக்கைப் பெரிய பெட்டிக்குள் செய்தித்தாளோடு வைத்தும் பொதிகிறவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள். மேலே பெயர் எழுதக் கூடாது.

ஆட்டம் நடக்கும் விதம்

வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பொதியை மரத்தடியிலோ மேசையிலோ வைத்துவிட்டு வட்டமாக உட்காருவார்கள். தொப்பியிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். சீட்டில் ஓர் எண் இருக்கும். முதல் எண்காரர் ஒரு பொதியை எடுத்து எல்லோரும் பார்க்கப் பிரிப்பார். அடுத்தவருக்கு இரண்டு வழிகள்: புதிய பொதியைப் பிரிக்கலாம், அல்லது ஏற்கெனவே பிரித்திருப்பதைப் பறிக்கலாம். பறிகொடுத்தவருக்கும் அதே இரண்டு வழிகள் உண்டு. ஆனால் தன்னிடமிருந்து போனதை அந்தச் சுற்றிலேயே திரும்பப் பறிக்க முடியாது. யாராவது புதிய பொதி ஒன்றைப் பிரித்ததும் சுற்று முடியும். அடுத்த எண்காரர் எழுவார்.

ஆறு பேர் ஆடுவதாக வைத்துக்கொண்டு ஒரு முறை நடத்திப் பார்ப்போம். முதலாமவர் பிரித்ததில் வாசனை மெழுகுவத்தி வந்தது. இரண்டாமவர் புதியதைப் பிரித்தார், வெந்நீர் பிளாஸ்க். மூன்றாமவர் தயங்காமல் பிளாஸ்க்கைப் பறித்தார். இரண்டாமவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது, மெழுகுவத்தியும் வேண்டாமென்று புதிய பொதியைப் பிரிக்க, உள்ளேயிருந்து தட்டினால் பாட்டுப் பாடும் ரப்பர் மீன் ஒன்று எட்டிப் பார்த்தது. நான்காமவருக்குக் கம்பளிப் போர்வை வாய்த்தது. ஐந்தாமவர் மூன்றாமவரிடமிருந்து பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். மூன்றாமவர் உடனே நான்காமவரின் போர்வையை எடுத்துக்கொண்டார். நான்காமவர் புதியதைப் பிரித்துச் சாக்லேட் பெட்டி பெற்றார். கடைசியாக ஆறாமவர் பிளாஸ்க்கைப் பறித்தார். அது மூன்றாம் முறை பறிக்கப்பட்டதால் இனி எவரும் அதைத் தொட முடியாது. ஐந்தாமவர் போர்வையை எடுக்க, மூன்றாமவர் மிஞ்சிய பொதியைப் பிரித்துத் திருப்புளித் தொகுப்போடு அமர்ந்தார். இப்போது முதலாமவருக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர் அவர் என்பதால், ஆட்டம் முடியும்போது தம் பொருளை வேறொருவருடையதோடு மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை தருவார்கள். அவர் மெழுகுவத்தியை நீட்டிப் போர்வையை வாங்கிக்கொண்டார். ரப்பர் மீன் கடைசி வரை இரண்டாமவரை விட்டு அகலவில்லை.

இதிலிருந்து சில நுணுக்கங்கள் புலப்படும். கடைசி எண்தான் வலுவானது, ஏனெனில் அதற்குள் அநேகமாக எல்லாப் பொருள்களும் வெளிப்பட்டிருக்கும். முதலாமவருக்கு இறுதி மாற்று உரிமை இருந்தால் அவர் நிலை கடைசி எண்ணை விடவும் மேலாகிவிடும். நடுவில் இருக்கிறவர்கள், தமக்கு மிகவும் பிடித்த பொருள் இரண்டு முறை கைமாறும் வரை பொறுத்திருந்து, மூன்றாவது பறிப்பைத் தாம் செய்ய முயல வேண்டும். முதலில் பாய்ந்து எடுத்தவர் கையில் அது தங்குவது அரிது. அதோடு, மிகவும் பிடித்ததாக முகத்தில் காட்டிக்கொள்கிறவரிடமிருந்துதான் பொருள் முதலில் போகும்.

பண்பாட்டுப் பாடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நம்மிடமிருந்து பறிக்கும்போது சிரித்துக்கொண்டே எழுந்து கொடுத்துவிட வேண்டும். வயதில் மூத்தவரிடமிருந்து எப்படி எடுப்பது என்று கூசி, ஒவ்வொரு முறையும் புதிய பொதியையே பிரித்துக்கொண்டிருந்தால் அந்த மூத்தவரையே ஆட்டத்திலிருந்து விலக்கியதுபோல் ஆகிவிடும். மேலாளரானாலும் மாமியாரானாலும் பறிக்கலாம். இது யார் கொண்டு வந்தது என்று கேட்பதும், இது நான் கொண்டு வந்தது என்று சொல்லிக்கொள்வதும் மட்டும் வேண்டாம். நாம் கொண்டு வந்த பொதி நமக்கே வந்துவிட்டால் யாராவது பறிப்பார்களா என்று பொறுமையாகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

நடத்துகிறவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை

ஆட்டத்தை நம் வீட்டில் நடத்துவதானால் எட்டுப் பேர் முதல் பதினைந்து பேர் வரை இருப்பது வசதி. அதற்குக் குறைந்தால் பறிக்கப் பொருள் போதாது. மிகுந்தால் முதலில் ஆடியவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இருபத்தைந்து பேர் வந்துவிட்டால் இரண்டு வட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஆடவிடலாம். பன்னிரண்டு பேர் ஆடி முடிக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கு முன் பசியோடு ஆடவிட்டால் அவசரம் காட்டுவார்கள். சாப்பிட்ட பிறகு, காபி வரும் நேரத்தில் தொடங்குவது நன்று.

விதிகளை எல்லோரும் வாசிக்கும்படி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவதை வற்புறுத்திச் சொல்வேன். ஒவ்வொரு வீட்டு விதியும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், பாதி ஆட்டத்தில் எங்கள் வீட்டில் அப்படியில்லை என்று ஒருவர் கிளப்பினால் விருந்தே கெடும். ஒரு பொருளை எத்தனை முறை பறிக்கலாம், மூன்றா இரண்டா. உடனே திருப்பிப் பறிக்கக் கூடாது என்ற தடை ஒரு சுற்றுக்கு மட்டுமா, ஆட்டம் முழுவதற்குமா. முதலாமவருக்குக் கடைசி மாற்று உண்டா. கணவன் மனைவிக்கு ஒரே எண்ணா தனித்தனியா. பிரித்த பொருளை நாற்காலிக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாமா. இந்த ஐந்துக்கும் விடை தாளில் இருந்தால் பெரும்பாலான தகராறுகள் எழா. ஒளிப்பதற்கு நான் அனுமதிப்பதில்லை. பொருள் மடியிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். எத்தனை முறை கைமாறியது என்பதை நினைவில் வைப்பது கடினம். ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் பொருளின்மேல் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டிவிட்டால், மூன்று பொட்டு விழுந்ததும் அது பூட்டப்பட்டது என்று கண்ணாலேயே தெரியும்.

பொதி எடுத்து வர மறந்தவருக்காகவும், கடைசி நிமிடத்தில் நண்பரோடு கூட வந்துவிட்ட விருந்தாளிக்காகவும் பொதிந்த பரிசுகள் இரண்டை உள்ளறையில் தயாராக வைத்திருங்கள். யாருக்காக எடுத்தீர்கள் என்பது வெளியே தெரியாமல் குவியலில் சேர்த்துவிட்டால் ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை. அட்டை வடிவப் பரிசுக் கூப்பன்களை ஏற்பதா என்பதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. எல்லோரும் அதையே கொண்டு வந்தால் பறிப்பதில் சுவையில்லை. இருபது டாலரைக் கொடுத்து இருபது டாலரை வாங்கியதாகத்தான் முடியும்.

சிறுவர்கள் இருந்தால்

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பறிப்பு ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். கையில் வந்த பொம்மையை ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவதை ஆறு வயதுக் குழந்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. அவர்களுக்கென்று வேறு ஆட்டங்கள் உண்டு.

எளிதானது இடது வலது ஆட்டம். ஆளுக்கொரு பொதியோடு வட்டமாக உட்கார வைத்து, ஒருவர் கதை படிப்பார். கதையில் வலது என்ற சொல் வந்தால் எல்லோரும் தங்கள் பொதியை வலப்பக்கத்தில் இருப்பவருக்கும், இடது என்று வந்தால் இடப்பக்கத்தில் இருப்பவருக்கும் தள்ள வேண்டும். கதை முடியும்போது கையில் இருப்பது அவரவருடையது. கதையை நாமே தமிழில் எழுதிக்கொள்ளலாம்: “மாமா வலது கையில் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் ஒரே பனி. இடது கால் வழுக்கியது, வலது கால் தாங்கியது. பையிலிருந்த தக்காளி எல்லாம் வலது பக்கச் சாக்கடைக்கு ஓடியது.” இப்படி முப்பது நாற்பது முறை இந்தச் சொற்கள் வரும்படி ஒரு பக்கம் எழுதினால் போதும். இடது வலது இரண்டும் சம எண்ணிக்கையில் வந்தால் அவரவர் பொதி அவரவரிடமே திரும்பி வந்துவிடும் என்பதால் ஒன்றைச் சற்றே கூட்டி எழுத வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொற்களும் அன்றைக்கு மறக்காதபடி ஏறிவிடும் என்பது கூடுதல் ஆதாயம்.

இன்னொன்று உருண்டை ஆட்டம். சமையலறையில் பாத்திரம் மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மிட்டாய், சில்லறைக் காசு, சிறு பொம்மை எல்லாவற்றையும் அடுக்கடுக்காகச் சுற்றிப் பெரிய பந்தாக்கிவிடுவார்கள். கனத்த அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை அதைப் பிரிக்கும்போது, அடுத்த பிள்ளை இரண்டு தாயக்கட்டைகளை உருட்டிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் ஒரே எண் விழுந்த உடனே பந்து கைமாற வேண்டும். உதிர்ந்ததெல்லாம் பிரித்தவருக்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டில் இருந்தால் வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

சீட்டெடுத்துக் கொடுப்பதானால்

அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் கூடும்போது, ஒவ்வொருவரும் எல்லோருக்கும் வாங்குவதற்குப் பதில் ஒருவருக்கு மட்டும் நல்லதாக வாங்கலாம் என்றால் சீக்ரெட் சாண்டா ஏற்றது. பன்னிரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாங்கினால் நூற்று முப்பத்திரண்டு பரிசுகள்; சீட்டெடுத்தால் பன்னிரண்டோடு முடிந்தது.

இதில் தொல்லை, தன் சீட்டைத் தானே எடுத்துவிடுவது. தொப்பியில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுக்கும்போது ஒருவருக்குமே தன் பெயர் வராமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடுதான். கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் இந்த அளவு அநேகமாக மாறுவதில்லை. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு தடவை மறுபடி எடுக்க வேண்டி வரும். அதைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. பெயர்ச் சீட்டுகளைக் கலைத்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த சீட்டில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தன் பெயர் தனக்கு வரவே வராது. ஆட்டத்தில் சேராத ஒருவரை, பாட்டியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ, அடுக்கச் சொல்லி ஆளுக்கொரு உறையில் போட்டுத் தரச் செய்யலாம். கணவன் மனைவி அடுத்தடுத்து வந்தால் அவர் இடம் மாற்றி வைத்துவிடுவார். இதைச் செய்து தரும் இணையதளங்களும் இருக்கின்றன. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் குடும்பத்துக்கு அவையே வசதி.

ஜனவரியில்: வேண்டாத பொருள்களைப் பகிர்ந்துகொள்ளுதல்

விருந்துகள் ஓய்ந்ததும் வீட்டில் பொருள்கள் குவிந்திருக்கும். இவற்றைப் பிறருக்குத் தருவது கௌரவக் குறைவு என்று நம்மில் எவரும் உண்மையில் நினைப்பதில்லை. நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி, தையற்காரரை ஒரு நாளும் பார்க்காமல் மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் பயணம் செய்வதைக் கண்டவர்கள்தானே நாம். பரிசை மறுபடி பரிசாக்குவதில் காக்க வேண்டிய கட்டுப்பாடு ஒன்றுதான்: எந்த வட்டத்திலிருந்து வந்ததோ அந்த வட்டத்துக்குள் அதைத் திருப்பிவிடக் கூடாது. அதற்காகப் பெட்டியின் அடியில் பென்சிலால் கொடுத்தவர் பெயரைச் சிறியதாக எழுதி வைத்து, பொதியும்போது அழித்துவிடுவது பழைய உத்தி.

பகிர்வதற்கு முன் கடையில் திருப்பித் தர முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை அச்சிடாத பரிசு ரசீது பெட்டிக்குள் இருக்கலாம். விழாக்காலத்தில் வாங்கியவற்றை ஜனவரி வரை திரும்பப் பெறும் கடைகள் பல உண்டு. பரிசுக் கூப்பன் அட்டையானால் அவசரம் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அதிலுள்ள பணம் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குக் காலாவதியாகக் கூடாது. ஆனாலும் மறந்துபோகிற பொருள்களில் முதலிடம் அதற்குத்தான் என்பதால் உடனே பயன்படுத்துகிறவருக்குக் கொடுத்துவிடுவது மேல்.

பிறகு குடும்பமும் நெருங்கிய நண்பர்களும் சேர்ந்து ஒரு பகிர்வு மேசை நடத்தலாம். ஜனவரி முதல் அல்லது இரண்டாம் வாரக் கடைசியில், ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையிலோ கூடத்திலோ மேசைகளைப் போட்டு, துணிமணி, சமையல் சாமான், புத்தகம், பிள்ளைகள் பொருள், மின்பொருள் என்று பிரித்து அடுக்க வேண்டும். துணிகளைத் துவைத்து மடித்து அளவு வாரியாக வைத்தால்தான் எடுப்பார்கள். மூட்டையாகக் கொட்டினால் கிண்டிப் பார்க்கக் கூசுவார்கள். மின்பொருள் ஓடுகிறதா என்று போட்டுக் காட்ட ஒரு நீட்டிப்பு வயர் இருக்கட்டும். கைப்பேசி, கணினி ஆகியவற்றிலிருந்து நம் கணக்குகளை நீக்கி ஆரம்ப நிலைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

முதலில் வந்தவரே நல்லதையெல்லாம் அள்ளிப் போகாமல் இருக்க எண் சீட்டு இங்கேயும் உதவும். முதல் சுற்றில் வரிசைப்படி ஆளுக்கு ஒரு பொருள். இரண்டாம் சுற்றில் கடைசி எண்ணிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒன்று. அதற்குப் பிறகு யாரும் எதையும் எடுக்கலாம். ஒன்றை இருவர் விரும்பினால் குலுக்கல். பதிலுக்குப் பொருள் கொடுத்தவர்தான் எடுக்கலாம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். புதிதாகக் குடியேறிய தம்பதிக்குக் கொடுக்க ஒன்றும் இராது. எடுத்துக்கொள்ளத்தான் நிறைய இருக்கும். அம்மா கொடுத்த அருவாமணை, தாத்தாவின் கைக்கடிகாரம் போன்றவற்றை இந்த மேசைக்குக் கொண்டு வராமல், குடும்பத்தில் கேட்டு, வேண்டும் என்கிறவரிடம் தனியே சேர்ப்பதே முறை. இன்னொரு வழக்கமும் உண்டு: எடுக்கப்படாத வாசனைச் சோப்புகளும் உடல் களிம்புகளும் ஊருக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று பெட்டிக்குள் ஒதுங்கிவிடும். இருபத்து மூன்று கிலோவுக்குள் எதை அடைப்பது என்று திண்டாடும் நாளில் அவைதாம் முதலில் வெளியேறும் என்பதால், பயணச்சீட்டு கையில் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்குள் ஏற்பார் இல்லாதவற்றை அக்கம்பக்கத்தாருக்குத் தருவதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டு அரிசோனாவின் டூசான் நகரில் தொடங்கிய ஃபிரீசைக்கிள், 2013இல் வாஷிங்டன் மாநிலத்துப் பெயின்பிரிட்ஜ் தீவில் தொடங்கிய பை நத்திங் ஆகிய இரண்டும் பரவலானவை. பணமும் கைமாறாது. பொருளின் படத்தைப் போட்டு, கேட்டவர்களில் ஒருவரைத் தேர்ந்து, வாசல் திண்ணையில் வைத்துவிட்டால் அவர் வந்து எடுத்துப் போவார். முழு முகவரியை எல்லோரும் பார்க்கும்படி இடாமல், தேர்ந்தவருக்கு மட்டும் தனியே அனுப்புவது பாதுகாப்பு.

குழந்தைப் பொருள்களில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. சக்கரம் வைத்த வாக்கர்களை விற்கக் கனடா 2004இல் தடை விதித்தது. அங்கே இலவசமாகக் கொடுப்பதும் சட்டப்படி விற்பனையாகவே கருதப்படும். ஊரிலிருந்து பெரியவர்கள் ஆசையாகக் கொண்டு வந்ததாக இருந்தாலும் அதை இன்னொரு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பக்கச்சட்டம் இறங்கும் தொட்டில்களை அமெரிக்காவில் 2011 முதல் செய்யவும் விற்கவும் கூடாது. கார் இருக்கைகளின் அடியிலோ முதுகிலோ அவற்றின் ஆயுட்காலம் பொறித்திருக்கும். தேதி கடந்ததையும், விபத்துக்குள்ளான காரில் இருந்ததையும், கீழே விழுந்து அடிபட்ட மிதிவண்டித் தலைக்கவசத்தையும் தரக் கூடாது. பழைய மெத்தைகளிலும் திண்டு வைத்த நாற்காலிகளிலும் மூட்டைப்பூச்சி ஒட்டி வரும். வீடு தெரிந்த உறவினருடையது தவிர மற்றவற்றை ஏற்காதீர்கள்.

மேசை நடந்த அன்றைக்கே மிச்சத்தை யார் காரில் ஏற்றுவது என்பதைப் பொருள்களை அடுக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வீட்டுக்காரரின் கார் கொட்டகையில் அடுத்த டிசம்பர் வரை கிடக்கும். துணிமணியையும் பாத்திரத்தையும் குட்வில், சால்வேஷன் ஆர்மி போன்ற கடைகள் பெற்றுக்கொள்கின்றன. மெத்தை, கார் இருக்கை, பழைய குழாய்த் தொலைக்காட்சி ஆகியவற்றைப் பல கிளைகள் ஏற்பதில்லை என்பதால் போகும் முன் அந்தக் கிளையின் பட்டியலைப் பார்க்க வேண்டும். மின்பொருளை நகராட்சி மின்கழிவு சேகரிக்கும் நாளில் கொடுக்கலாம். ஆயுள் முடிந்த கார் இருக்கையைக் குப்பையில் போடுவதானால் அதன் வார்களை வெட்டிவிட்டு, காலாவதியானது என்று தடித்த மையால் எழுதிப் போடுங்கள். தெருவோரம் கிடப்பதை நல்லதென்று எண்ணி யாராவது எடுத்துப் போய்க் குழந்தையை உட்கார வைத்துவிடக் கூடாது.